போகிற போக்கில் ஒரு தீர்ப்பு

கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி செல்லும் நெடுஞ்சாலையில், கயத்தாற்றுக்கு முன்னதாக வரும் சிற்றூர் இடைசெவல். இலக்கியம் பயின்றோர்க்கு இப்பெயர் புதியதன்று. கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஒரு வார இடைவெளியில், இவ்வூரில் பிறந்தவர்கள். வானம் பார்த்த பூமியில் மனிதன் காத்திருக்க வேண்டிய நாட்கள் மிகுதி. காத்திருப்பவனுக்குப் பேச்சே துணை. அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டு ஏட்டில் ஏற்றியவர்கள் இவ்விருவரும், குறிப்பாகக் கி. ரா.

அதே நெடுஞ்சாலை தெற்கே நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று நீண்டு காவல்கிணற்றை அடைகிறது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் மகேந்திரகிரி மலையடிவாரம். நம் நாட்டு ராக்கெட்டுகளின் திரவ எரிபொருள் இயந்திரங்களை இஸ்ரோ இயக்கிச் சோதித்துப் பார்க்கும் இடம் அது. ஆகவே கரிசல் காட்டு டீக்கடைப் பெஞ்சில் ராக்கெட்டைப் பற்றிப் பேச்சு எழுவதில் வியப்பில்லை. "சோத்துக்கே வழியக் காணோம், சந்திரனுக்கு என்ன அவசரம்?" என்பார் ஒருவர். "அண்ணாச்சி, மேலே அது சுத்தலேன்னா புயல் வாரது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார் மற்றவர். மூன்றாமவர், நிலவில் அமெரிக்கன் இறங்கியதே ஸ்டூடியோவில் எடுத்த படம்தான் என்று அடித்துச் சொல்வார். 2019 செப்டம்பரில் சந்திரயான் 2இன் இறங்குகலம் நிலவில் மோதி வீழ்ந்தபோது காரணம் சொல்லாதவர் இல்லை. 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் சந்திரயான் 3 பத்திரமாக இறங்கியபோது, அதைத் தாமே இறக்கியதுபோல் மகிழாதவரும் இல்லை. இடையிடையே மிளகாய் விலை, தேர்தல், புதுப்படம்.

இப்படிப் பேசுவது பாவமா? வீண்சொல் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஆண்டவரின் எச்சரிக்கையை எடுத்துக்காட்டி, 'வாயைக் கட்டு' என்று தவக்காலந்தோறும் சொல்லப்படுவதைக் கேட்டிருக்கிறோம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. களிப்பான உரையாடலையும் ஓய்வையும் நற்பண்பின் பகுதியாகவே எண்ணினார் புனித தோமா அக்குவினாஸ். ராக்கெட்டைப் பற்றி எவ்வளவு தவறாகப் பேசினாலும் ராக்கெட்டுக்கு வலிக்காது; நிலவும் தன் பாட்டுக்குத் தேயும், வளரும். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு மனிதனின் பெயர் நுழைந்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. அது எப்படி மாறுகிறது என்பதற்கு, விண்வெளியும் நாட்டு நடப்பும் திரைக்கதையும் ஒன்றாய்ப் பின்னிக்கொண்ட ஒரு வழக்கே சான்று.

1994ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் திருவனந்தபுரத்தில் மரியம் ரஷீதா என்னும் மாலத்தீவுப் பெண் கைது செய்யப்பட்டார். விசா முடிந்த பின்னும் தங்கியிருந்தார் என்பது முதற் குற்றச்சாட்டு. சில வாரங்களுக்குள் அது நாட்டின் இரகசியத்தை விற்ற உளவு வழக்காக உருவெடுத்தது. அவருடைய நாட்டவரான பௌசியா ஹசன், இஸ்ரோவில் பணிபுரிந்த சசிகுமாரன், பெங்களூரைச் சேர்ந்த சந்திரசேகர், சர்மா ஆகியோர் சிக்கினர். நவம்பர் 30ஆம் நாள், கிரையோஜெனிக் இயந்திரத் திட்டத்தின் பொறுப்பில் இருந்த நம்பி நாராயணன் கைதானார். நாகர்கோவிலில் பிறந்து, மதுரை தியாகராசர் பொறியியற் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் வரை சென்று திரும்பியவர் அவர். 50 நாட்கள் காவலில் இருந்தார்.

அயல்நாட்டுப் பெண்கள், பணம், ராக்கெட் இரகசியம் என்று துப்பறியும் படம் ஒன்றுக்கு வேண்டிய யாவும் அதில் இருந்தன. நாளேடுகள் தொடர்கதைபோல் வெளியிட்டன. வாசகர்களும் தொடர்கதைபோலவே வாசித்தனர். கதையில் யார் வில்லன் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஆனால் விற்கப்பட்டதாகச் சொன்ன சரக்கு என்ன?

கிரையோஜெனிக் என்பது கடுங்குளிர் நுட்பம். ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரி அளவுக்கும் ஆக்சிஜனை மைனஸ் 183 டிகிரி அளவுக்கும் குளிர்வித்துத் திரவமாக்கி எரிக்கும் இயந்திரம். இதனை அடைய 1991இல் மாஸ்கோவின் கிளாவ்கோஸ்மோஸ் நிறுவனத்துடன் இந்தியா ஒப்பந்தம் செய்தது. 1992இல் அமெரிக்கா இரு தரப்பின்மீதும் தடை விதித்தது. 1993இல் ரஷ்யா பின்வாங்கி, இயந்திரங்களை மட்டும் தருவோம், செய்யும் முறையைத் தரமாட்டோம் என்றது. ஆகவே 1994இல் அந்தத் தொழில்நுட்பம் இந்தியாவின் கையில் இல்லவே இல்லை. நாமே செய்த கிரையோஜெனிக் இயந்திரம் வெற்றியுடன் பறந்தது 2014 ஜனவரி 5ஆம் நாள்தான். இல்லாத சரக்கை ஒருவர் எப்படி விற்பார்?

கோவில்பட்டிக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டியில் இறைப்பணி ஆற்றியவர் வீரமாமுனிவர். பரலோக மாதா திருவிழாவுக்கு அங்கே செல்வோர் இதை அறிவர். அவருடைய பரமார்த்த குருவின் சீடர்கள் குதிரை வாங்கப் போய், பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று நம்பி வாங்கிய கதையைச் சிறுவயதில் படித்துச் சிரிக்காதவர் யார்? காய் விழுந்து உடைந்தபோது புதரிலிருந்து முயல் ஒன்று ஓடியது. அதுதான் குட்டியென்று துரத்தினார்கள். 1994இல் நாடே துரத்தியதும் அத்தகைய முயலைத்தான். ரஷ்யா கைவிரித்த செய்தி ஓராண்டுக்கு முன் நாளேடுகளில் வெளிவந்ததே. 'நம்மிடம் அது இருக்கிறதா?' என்ற ஒற்றைக் கேள்வியை எழுப்பப் பொறியியல் பட்டம் தேவையில்லை. சென்ற ஆண்டுச் செய்தியை மறவாதிருந்தால் போதும்.

1996இல் மத்தியப் புலனாய்வுத்துறை குற்றச்சாட்டு பொய்யெனக் கண்டு அறிக்கை தந்தது. எர்ணாகுளம் நீதிமன்றம் அதனை ஏற்று ஆறு பேரையும் விடுவித்தது. மாநில அரசு மறுவிசாரணைக்கு முயன்றது. 1998இல் உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 2018 செப்டம்பர் 14ஆம் நாள் அதே நீதிமன்றம், நம்பி நாராயணன் தேவையின்றிக் கைது செய்யப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார் என்று கூறி 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. அடுத்த ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. சந்திரசேகருக்கு அந்த ஆறுதலும் வாய்க்கவில்லை. 2018இல் தீர்ப்பு வெளியான நாளில் அவர் பெங்களூரில் நினைவிழந்து கிடந்தார். இரண்டு நாட்களில் இறந்துபோனார்.

அரசு பணம் கொடுத்துவிட்டது. பேசியவர்கள் என்ன கொடுப்பது? இங்கேதான் நம் திருச்சபையின் அறநெறி மரபு கடுமையாகப் பேசுகிறது. எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டில் சொல்லும் பொய்ச்சாட்சியோடு நின்றுவிடுவதில்லை. போதிய ஆதாரமின்றிப் பிறரைக் குற்றவாளி என மனத்துள் முடிவு கட்டுவதையும் அது தடுக்கிறது என்று மறைக்கல்வி நூல் கூறுகிறது. ஆடு திருடியவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, ஆட்டைத் திருப்பித் தர வேண்டும். பெயரைத் திருடியவனுக்கும் அதே கடமை உண்டு. ஆனால் ஆட்டைத் திருப்புவதுபோல் பெயரைத் திருப்ப முடிகிறதா? 1994இல் பெஞ்சில் நால்வர் அமர்ந்து கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் திருப்பூருக்குப் பிழைக்கப் போய்விட்டார், மூன்றாமவர் யாரென்பதே மறந்துவிட்டது. சொன்னவனோ தான் சொன்னதையே மறந்துவிட்டான். அந்த மனிதரின் மனைவியும் மக்களும் தெருவில் பட்ட அவமானத்தைச் செய்தவர்கள், அவரை ஒருமுறையேனும் நேரில் கண்டிராதவர்கள். ஒவ்வொருவரும் சொன்னது ஒரு வாக்கியம். ஆயிரம் பேர் ஆளுக்கொரு கல்லெறிந்தால் எந்தக் கல் கொன்றது என்று கேட்டு எல்லோரும் தப்பிவிடலாம்.

"பத்திரிகையில் வந்ததைத்தானே சொன்னோம்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடையைத் தமிழ் மொழியே வைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 'விற்றுவிட்டாராம்' என்பதற்கும் 'விற்றுவிட்டார்' என்பதற்கும் இடையே உள்ளது ஓர் 'ஆம்'. நான் கண்டதில்லை, கேட்டது மட்டுமே என்று அந்தச் சிறு சொல் அறிவிக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்லத் தனிச் சொல்லோ தொடரோ வேண்டும். நாம் வினைச்சொல்லின் வாலில் ஒட்டவைத்துவிடுகிறோம். கதைசொல்லிகள் இதில் மிகுந்த ஒழுக்கம் உடையவர்கள். ராசா இருந்தானாம், ராணி அழுதாளாம் என்று கதை முடியும்வரை அந்த 'ஆம்' பிசகாது. கற்பனை ராசாவுக்கே இந்த மரியாதை! செய்தி பேசுகிறபோதோ, முதல் நாள் 'விற்றாராம்' என்று தொடங்குவது, மூன்றாம் நாள் 'விற்றார்' ஆகி, ஒரு வாரத்தில் 'வித்துட்டான்' ஆகிவிடுகிறது. 'ஆம்' உதிர்ந்தது, 'ஆர்' உதிர்ந்து 'ஆன்' ஆயிற்று. செய்தி தீர்ப்பாக மாறும் இடம் அதுதான். ('ஆம்' போட்டுவிட்டால் எதையும் பரப்பலாம் என்று கொள்ள வேண்டாம். அந்தச் சிறு சொல்லின் மறைவில் ஒளிந்துகொண்டு பெயர் கெடுப்போரும் நம்மிடையே ஏராளம்.)

ஐயத்திற்கு இடமானவற்றை நல்லதாகவே பொருள்கொள்ள வேண்டும் என்பது அக்குவினாசின் கருத்து. அப்படிச் செய்பவன் பலமுறை ஏமாறுவான் என்பதையும் அவர் மறைக்கவில்லை. தீயவனை நல்லவனென்று நினைத்துப் பலமுறை ஏமாறினாலும் அதனால் எவருக்கும் அநீதி இல்லை. நல்லவனை ஒருமுறை தீயவனென்று நினைத்தாலும் அவனுக்கு அநீதி இழைத்தாயிற்று. இதுவே அவர் காட்டும் நியாயம். காவல் அதிகாரிக்கும் நீதிபதிக்கும் வேறு கடமைகள் உண்டு. அவர்கள் ஐயுற்று ஆராய வேண்டியவர்கள். டீ குடிக்க வந்தவருக்கு அந்தக் கடமையை யாரும் தரவில்லை.

இனித் திரைப்படத்திற்கு வருவோம். 2022 ஜூலையில் 'ராக்கெட்ரி: நம்பி விளைவு' வெளிவந்தது. மாதவன் இயக்கி நடித்தார். சந்திரயான் 3 நிலவில் இறங்கியதற்கு மறுநாள், 2023 ஆகஸ்டு 24ஆம் நாள், சிறந்த படத்திற்கான தேசிய விருது அதற்கென அறிவிக்கப்பட்டது. படம் பார்த்துக் கண்கலங்கியவர் பலர், நல்லதே. பெயரைத் திருப்பித் தரும் வேலையில் நாளேடுகள் செய்யத் தவறியதை ஒரு படம் ஓரளவு செய்தது. ஆயினும் எனக்கொரு தயக்கம் உண்டு. 1994இல் கதையைக் கேட்டு ஒரே நாளில் அவரைத் துரோகியாக்கியதும், 2022இல் கதையைப் பார்த்து இரண்டரை மணி நேரத்தில் அவரை ராக்கெட் இயலின் ஒரே தந்தையாக்கியதும் ஒரே மனப்பழக்கம்தானே? அந்த ஆகஸ்டில் இஸ்ரோவின் முன்னாள் அறிவியலாளர் சிலர் திருவனந்தபுரத்தில் கூடி, படம் கூறும் பலவும் உண்மைக்கு மாறானவை, பலரின் உழைப்பு ஒருவர் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்று மறுத்தனர். அவர்களுள் அதே வழக்கில் கைதான சசிகுமாரனும் ஒருவர். எது சரி என்று நான் தீர்ப்புக் கூறப் புகவில்லை. நிரபராதி என்பதற்கு ஒருவர் மாமனிதராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். சாதாரணமானவர்களும் நிரபராதிகள்தாம். அந்த மாலத்தீவுப் பெண்கள் இருவரும் அயல்நாட்டுச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்தார்கள். அவர்களுக்கு விருதில்லை, அவர்கள் பக்கம் நின்று நம் ஊர்ப் பெஞ்சுகள் கண்கலங்கியதாகவும் தெரியவில்லை. பௌசியா ஹசன் 2022 ஆகஸ்டில் கொழும்பில் இறந்தார்.

இதே கரிசல் சம்சாரியிடம் புரட்டாசி பிறக்கும்போது, "இந்த வருசம் மழை எப்படி?" என்று கேட்டுப் பாருங்கள். அறுபது மழைக்காலம் கண்டவர், மேகத்தையும் காற்றையும் எறும்பையும் பார்த்தவர், "சொல்ல முடியாது, பாப்போம்" என்பார். மழைக்கு முன் விதைப்பதா, மண் நனைந்த பின் விதைப்பதா என்பதில் அவர் காட்டும் நிதானத்திற்கு எந்த ஆய்வுக்கூடமும் நிகராகாது. விதையும் உழவுக்கூலியும் அந்தச் சொல்லில் தொங்குகின்றன. தவறினால் இழப்பு அவருக்கு. திருவனந்தபுரத்து மனிதரைப் பற்றிய சொல் தவறினால் இழப்பு வேறொருவருக்கு. அறியாமை இரண்டு இடத்திலும் ஒன்றே. செலவு யார் தலையில் விழும் என்பதில்தான் வேறுபாடு.

அப்படியானால் எளிய மக்கள் வாய்மூடி, பெரிய செய்திகளை அறிஞர்களிடம் விட்டுவிட வேண்டுமா? அதைவிடக் கேடான முடிவு இருக்க முடியாது. 1970இல் நடந்த ஒன்றை இங்கு நினைக்கலாம். ஆப்பிரிக்காவின் சாம்பியா நாட்டில் பசித்த குழந்தைகளிடையே பணியாற்றிய அருட்சகோதரி மேரி ஜுகுண்டா, அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் எர்ன்ஸ்ட் ஸ்டூலிங்கர் என்ற அறிவியலாளருக்குக் கடிதம் எழுதினார். குழந்தைகள் பட்டினி கிடக்கையில் செவ்வாய்க் கோளுக்குச் செல்லக் கோடிக்கணக்கில் செலவழிப்பதை எப்படி எண்ணிப்பார்க்கவும் முடிகிறது என்பது அவர் வினா. நம் டீக்கடை அண்ணாச்சி கேட்டதும் அதே வினாதான்! வேறுபாடு, கேட்ட விதத்தில். அவர் பசியை அருகிருந்து கண்டவர், விடை சொல்லக் கூடியவர் யாரென்று அறிந்து அவரிடமே கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். ஸ்டூலிங்கரும் அலட்சியம் செய்யாமல் நீண்ட மறுமொழி எழுதினார். அதில், ஊர் ஏழ்மையில் வாடியபோதும் கண்ணாடி வில்லைகள் செய்த ஒருவனை ஆதரித்த ஜெர்மானியப் பிரபுவின் கதை வருகிறது. அந்த வில்லைகளே பின்னர் நுண்ணோக்கியாகி நோய்களை வெல்ல உதவின என்பது அவர் வாதம். நிலவிலிருந்து எடுத்த பூமியின் படத்தையும் உடன் அனுப்பினார். அவ்விடை எனக்கு முழு நிறைவு தரவில்லை. வில்லை ஒருநாள் பயன்படும் என்பது இன்று பசித்த பிள்ளைக்கு விடையாகாது. ஆனால் ஒருவரையொருவர் இழிவுபடுத்தாமல், இத்தனை பெரிய கேள்வியில் இருவர் மாறுபட முடிந்திருக்கிறது.

நம் தூத்துக்குடி மாவட்டத்திற்கே இப்போது அந்தக் கேள்வி வந்திருக்கிறது. 2024 பிப்ரவரி 28ஆம் நாள் குலசேகரன்பட்டினத்தில் புதிய ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தென்துருவம் நோக்கி ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீணாகும், சிறிய ராக்கெட்டுக்கு அது தாங்காத சுமை. குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். இயற்பியல் நியாயம் தெளிவானது. ஆனால் அக்கடலில் வலை வீசுவோர் உண்டு. புனித சவேரியாரின் நினைவைப் போற்றும் மணப்பாடு கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அம்மக்கள் சொல்லும் கருத்தைப் போகிற போக்கில் சொன்னதென்று எவரும் ஒதுக்க முடியாது. 1960களின் தொடக்கத்தில் தும்பாவில் மகதலா மரியா ஆலயமும் அதைச் சூழ்ந்த குடியிருப்பும் ராக்கெட் தளத்திற்குத் தேவைப்பட்டபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா ஞாயிறு திருப்பலியில் மக்களிடமே சம்மதம் கேட்டார் என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். நம் மேடைகளில் இக்கதை சமயமும் அறிவியலும் கைகோத்ததற்கு உவமையாகவே சொல்லப்பட்டு வருகிறது. ஆயர் தாமே முடிவு செய்துவிடாமல் மக்களைக் கேட்டார் என்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

உளவு வழக்கில் இன்னொரு பகுதி எஞ்சியிருக்கிறது. வழக்கைப் புனைந்தவர் யார் என்று ஆராய 2021இல் உச்ச நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத்துறைக்கு ஆணையிட்டது. 2024இல் முன்னாள் அதிகாரிகள் சிலர்மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்பட்டது. படம் பார்த்தவர்களுக்கு இதில் ஆராய எதுவும் இல்லை. அந்த அதிகாரிகளின் முகம் திரையில் எப்படி இருந்ததென்று அவர்களுக்குத் தெரியும். 'புனைந்தார்களாம்' என்று தொடங்கிய பேச்சு, 'புனைந்தானுக' என்ற இடத்திற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு போன அதே வேகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த அதிகாரிகளும் பணி ஓய்வு பெற்ற முதியவர்கள். அவர்கள் வீடுகளுக்கும் காலையில் நாளேடு வருகிறது.